இடது கையில் ஒரு பல்லி

என் மனைவியின் இடது முன்கையில் ஒரு பல்லி இருந்தது. மணிக்கட்டை நோக்கித் தலையும் முழங்கையை நோக்கி வாலுமாக, ஒரு விரல் நீளத்தில், கறுப்பு மையால் பச்சை குத்தப்பட்ட பல்லி. வீட்டுச் சுவர்களில் விளக்கைச் சுற்றி ஓடும் அதே சாதாரணப் பல்லிதான். அவள் இறந்த மறுநாள் சவப்பெட்டி வீட்டுக்கு வந்தபோது, அந்தப் பல்லி அவள் கையில் இல்லை. அது எப்படி மறைந்தது, அதற்கு நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றி எங்கள் உறவினரிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் வழங்குகின்றன. துக்கத்தில் எனக்கு அறிவு தடுமாறிவிட்டது என்பது அவற்றுள் ஒன்று. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைப்பது முறை என்று எனக்குப் படுகிறது.

அவள் பிறந்தது நிபோங் திபாலுக்கு அருகே, பைராம் தோட்டத்தில். அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் படித்து, பட்டர்வொர்த்துக்கு வந்து, மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தாள். அந்தப் பிரிவின் தலைவியாக ஓய்வு பெற்றாள். நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக அரசாங்க மேசைகளில் எழுதிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. எங்கள் திருமணம் இரு வீட்டாருக்கும் உவப்பானதாக இல்லை. காலப்போக்கில் இரு தரப்பும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டன. பேசாமலிருப்பதும் ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல என்பதை நான் பின்னர்தான் கண்டேன்.

ஓய்வு பெற்ற சில வாரங்களில், ஒரு காலைச் சிற்றுண்டியின்போது, ரொட்டியில் காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாமைத் தடவிக்கொண்டே அவள் அதைச் சொன்னாள்.

“நான் கையில டாட்டூ குத்திக்கப் போறேன்.”

“என்ன படம்?”

“பல்லி.”

“ஏன் பல்லி?”

“புடிச்சிருக்கு.”

“பல்லியையா, டாட்டூவையா?”

“ரெண்டும்தான் லா.”

எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

“தெரியும். அதான் முன்னாடியே சொல்றேன். பின்னாடி பாத்துத் திடுக்கிட வேணாம் பாருங்க.”

அந்த உரையாடல் அவ்வளவே. அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் தெரிவித்தாள். என் கருத்தை நானும் தெரிவித்தேன். இரண்டும் மேசை மேல் கிடந்தன. ரொட்டி ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தோம்.

பிடிக்காத காரியமானாலும் துணைக்குப் போனேன். சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கடைவீடொன்றின் மாடியில் அந்தக் கடை இருந்தது. உள்ளே மருத்துவமனையின் வாடை. பச்சை குத்துபவன் சீன இளைஞன். கழுத்திலிருந்து விரல் நுனி வரை அவன் தோலில் வெற்றிடம் குறைவாகவே இருந்தது. அவள் வயதைப் பார்த்து அவன் பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் எடுத்துக் காட்டினான். பிறகு அவள் நெற்றியைப் பார்த்து, ஓம் என்ற எழுத்தைப் பல அளவுகளில் காட்டினான். அவள் தன் கைப்பேசியை நீட்டினாள். எங்கள் சமையலறை ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லியின் படம்.

“சிச்சாக்?” என்று கேட்டான் அவன், மலாயில். “ஆன்ட்டி ஷுவர் ஆ?”

“ஷுவர்.”

அவன் என்னைப் பார்த்தான். “அங்கிள் ஓகே ஆ?”

“அங்கிள் கையிலயா குத்தப் போறே?” என்று அவளும் மலாயில் திருப்பிக் கேட்டாள்.

அவன் சிரித்து, தாளில் வரைந்து காட்டினான். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வாழ்நாள் முழுவதும் பிறர் செய்த பொருள்களைத் திருப்பி அனுப்பிய பழக்கம் அவளை விட்டுப் போயிருக்கவில்லை. முன்காலில் விரல் ஐந்து இருக்க வேண்டும், அவன் நான்கு போட்டிருக்கிறான் என்றாள். திருத்தினான். வால் எலி வால்போல் இருக்கிறது என்றாள். அதையும் திருத்தினான். மூன்றாவது தாளில்தான் தலையசைத்தாள்.

மையின் பெரும்பகுதி கரிதான் என்று அவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நுண்ணிய கரித்துகள்களைத் தோலின் அடுக்கில் இறக்குகிறார்கள். உடல் அவற்றை வெளியேற்ற முயன்று, முடியாமல், தன்னுள் வைத்துக்கொள்கிறது. வேதியியலில் இது எளிய செய்தி. ஊசி ஓடியபோது அவள் வலது கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். “சும்மா இருங்க, விரல எண்ணிக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மெல்பர்னிலிருந்த எங்கள் மகளுக்குக் காணொளியில் கையைக் காட்டினாள்.

“அம்மா! நான் காலேஜ்ல கேட்டப்ப வேணாம்னீங்க!”

“உனக்கு அப்ப வேலை தேட வேண்டியிருந்துச்சு. எனக்கு வேலை முடிஞ்சிருச்சு.”

“இருந்தாலும் ஏதாச்சும் மீனிங் இருக்கிற மாதிரி குத்தியிருக்கலாம் லா. இது என்னம்மா, பல்லி!”

“பல்லிக்குப் பல்லிதான்டி மீனிங்.”

மகள் எதிர்பார்த்ததையே பின்னர் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தோலில் ஒரு குறி இருக்குமானால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் உயர்ந்ததாக இருந்தால் குறியும் மன்னிக்கப்படும். வேலோ ஓமோ என் பெயரோ அவள் கையில் இருந்திருந்தால், முகம் சுளித்தவர்களில் பாதிப் பேர் நெகிழ்ந்திருப்பார்கள். லிட்டில் இந்தியாவில் சேலைக்கடைப் பெண், “ஆன்ட்டி, ஸ்டிக்கரா?” என்று விரலை நீட்டினாள். “இல்லம்மா, உசிரோட இருக்கு. தொட்டா ஓடிரும்” என்று இவள் சொல்ல, அந்தப் பெண் உண்மையிலேயே விரலை இழுத்துக்கொண்டாள். கோவிலில் பிரசாதம் வாங்கக் கை நீட்டியபோது பக்கத்திலிருந்த ஒருவர் தம் மனைவியிடம், எங்கள் காதுபடவே, “வயசான காலத்துல இதெல்லாம் தேவையா” என்றார். அவருடைய மகன் ஆண்டுதோறும் தைப்பூசத்தில் கன்னத்தில் அலகு குத்தி, முதுகில் கொக்கிகளோடு தண்ணீர்மலைக்கு நடப்பவன். அந்தத் தழும்புகளை அவர் பெருமையோடு சுட்டிக்காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அதில் முரண்பாடு உண்டென்று சொல்ல வரவில்லை. அங்கே காரணம் இருக்கிறது, இங்கே இல்லை. அவருக்கு வேண்டியது அதுதான்.

என் நிலையும் அவருடையதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. அந்தப் பல்லி எனக்கு ஒருபோதும் அழகாகத் தோன்றவில்லை. சோறு பரிமாறும் கையில் அது அசைவதுபோல் கண்ணில் பட்டால் ஒரு கணம் விலகத் தோன்றும். எதற்காக அதைத் தேர்ந்தாள் என்று பல முறை ஊகித்திருக்கிறேன். ஊகங்களை அவளிடம் சொன்னால், ஒவ்வொன்றையும் தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் திருப்பிக் கொடுத்தாள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்தியே. என்னைவிட மூத்தவள், கணவரை இழந்தவள், எங்கள் வீட்டுக்கு நடந்து வரும் தொலைவில் வசிப்பவள். எங்கள் பெற்றோரின் யாழ்ப்பாணப் பேச்சை அவள் இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு எங்கள் வீட்டில்தான். பல்லி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, குழம்புக் கிண்ணத்தை வாங்க நீட்டிய கையை அக்கா அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“என்ன இது?”

“பல்லி, அக்கா.”

“பல்லி எண்டு தெரியுது. உன்ர கையில ஏன் கிடக்குது?”

“நான்தான் குத்திக்கிட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “நீ பாத்துக்கொண்டு நிண்டனியே, தம்பி?”

நின்றேன் என்று ஒப்புக்கொண்டேன்.

“வயசு போன நேரத்தில… பேரப்பிள்ளை காணுற வயசில…” அக்கா எழுந்து கூடத்துக்குப் போய், சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துவந்தாள். பல்லி உடலில் எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்ற அட்டவணை அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தேடினாள். “இந்தா. இடக்கை. துயரம் எண்டு போட்டிருக்கு.”

“மணிக்கட்டுக்கு என்ன போட்டிருக்கு, பாருங்க.”

அக்கா பார்த்தாள். சொல்ல விருப்பமில்லாமல் சொன்னாள். “கீர்த்தி.”

“தலை மணிக்கட்டுலதானே இருக்கு. அப்ப கீர்த்தி.”

“உடம்பு முழுக்கக் கையில கிடக்குது!”

“அப்ப கொஞ்சம் கீர்த்தி, கொஞ்சம் துயரம். எல்லாருக்கும் அப்படித்தானே லா, அக்கா.”

“விளையாடாத. பல்லி விழுந்தால் முழுக வேணும். இது விழுந்தபடியே கிடக்குது. எத்தனை தரம் முழுகுவாய்?”

“காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நான் எப்பக்கா குளிக்காம இருந்தேன்?”

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் அக்காவை எல்லை மீறச் செய்தது என்று நினைக்கிறேன்.

“ஓம், நீயும் சிரி. எங்கட ஆக்களில ஆரும் இப்பிடிச் செய்திருக்கினமே? தோட்டத்தில பச்சை குத்திக்கொண்டு திரிஞ்ச…”

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. தோட்டம் என்ற சொல்லை எங்கள் மேசையில் அவள் உச்சரித்தது அதுவே முதல் முறை. என் மனைவி பரிமாறுவதை நிறுத்தவில்லை.

“எங்கம்மா கையில இருந்துச்சு, அக்கா. நீங்க பாத்திருக்கீங்க. தேள் மாதிரி ஒண்ணு, கீழ புள்ளி புள்ளியா. சின்னப் புள்ளையில நாலு பேரு கையக் காலப் புடிச்சுக்கிட்டுக் குத்துனாங்களாம். அவங்கள யாரும் கேக்கல. நான் என்னைக் கேட்டுக்கிட்டுக் குத்துனேன். இன்னும் கொஞ்சம் கீரை வைக்கவா?”

“வை” என்றாள் அக்கா.

இதுதான் காரணம் என்று படிப்பவர்கள் முடிவு செய்துவிடக் கூடும். நானும் அன்று மாலை அப்படித்தான் கேட்டேன். “அம்மாவுக்காகவா?” அவள் இல்லை என்றாள். அம்மாவுக்காக என்றால் தேளைக் குத்தியிருப்பாளாம்.

அன்றைய சாப்பாடு முடிந்தபின் நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மேசை துடைப்பது என் வேலை. அரைகுறையாகத் துடைத்த மேசையை அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் பேராசிரியரான பிறகும் இந்த விஷயத்தில் அவளுக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. “மூலையில கிடக்குது, தம்பி. வடிவாத் துடை” என்றாள். பிறகு, சண்டையை அப்படியே விட்டுப்போக மனமில்லாமலோ, சமாதானத்தின் தொடக்கமாகவோ, என் மனைவியிடம் கேட்டாள்:

“செத்தாலும் இதோடயே போகப்போறாய்?”

“விட்டுட்டுப் போனா அது எங்க போவும் பாவம்? என்கூடத்தான் வரும்.” அவள் ஈரக்கையோடு என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நீங்க பாத்துக்கங்க. அக்கா தேய்ச்சு அழிச்சு அனுப்பிரப் போறாங்க.”

அக்காவும் சிரித்தாள். நான் மேசை மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டின் வழக்கப்படி, நான் மறுக்காத எதுவும் நான் ஒப்புக்கொண்டதே.

சில ஆண்டுகள் அந்தப் பல்லியோடு கழிந்தன. உறவினர்கள் பழகிக்கொண்டார்கள், பழகாதவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். திருமண வீடுகளுக்கு அவள் கையுள்ள ரவிக்கைதான் அணிந்தாள், ஆனால் கை முழங்கைக்கு மேலேயே நின்றது. முழுக்கை ரவிக்கை ஒன்றை அக்கா தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்தாள். இவள் நன்றி சொல்லி வாங்கி, அலமாரியில் மடித்து வைத்தாள்.

இந்த ஆண்டு மழை தொடங்கிய சமயத்தில் அவளுக்கு இதயம் பழுதுபட்டது. மருத்துவமனை வாசம் நீளவில்லை. இடது கையில் நரம்பு தேடிய மலாய்த் தாதி, சிச்சாக்கை எழுப்பிவிடாமல் குத்துகிறேன் என்று சொல்லி ஊசி ஏற்றினாள். என் மனைவிக்கு அது பிடித்திருந்தது. ஊசிகள் மாறி மாறி ஏற, பல்லியைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக இரத்தக்கட்டு படர்ந்தது. அக்கா நாள்தோறும் வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். பஞ்சாங்கத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். என் மனைவி இறந்ததை இங்கே விரித்து எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

மறுநாள் காலை மகள் வந்து சேர்ந்தாள். உடலைத் தயார் செய்வது இறுதிச் சடங்குச் சேவைக்காரரின் பொறுப்பு. சேலையை எடுத்துக்கொண்டு அக்காவும் மகளும் அங்கே போனார்கள். நான் இறப்பைப் பதிவு செய்யப் போயிருந்தேன். அங்கே நடந்ததை மகள்தான் பிறகு சொன்னாள். ஒப்பனை செய்யும் பெண் முகத்தை முடித்துவிட்டு, கையிலிருந்த ஊசிக் காயங்களைத் தோல்நிறப் பூச்சால் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பல்லியருகே வந்ததும் நிறுத்தி, “இதையும் மூடவா?” என்று கேட்டிருக்கிறாள். அக்கா மூடச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டின் முன் தெருவில் கூடாரம் போட்டு நாற்காலிகள் இட்டிருந்தார்கள். பெட்டி வந்தது. மூடியைத் திறந்தார்கள். இரு கைகளும் மார்பின் மேல் சேர்த்து வைக்கப்பட்டு, கட்டைவிரல்கள் வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தன. இடது முன்கை வெறுமையாக இருந்தது. வேலை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. எங்கும் விளிம்பு தெரியவில்லை. எனக்கு என்றும் பிடிக்காத ஒன்று ஒருவழியாக அகன்றிருந்தது. அந்தக் கையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லி வருவதற்கு முன்பு அவள் கை அப்படித்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அது அவள் விட்டுப்போன கை அல்ல.

மகள் அருகே வந்தாள்.

“அத்தை சொன்னாங்க, ப்பா. ஆளுங்க அம்மா மொகத்தப் பாக்காம கையவே பாப்பாங்க, அதையே பேசுவாங்கன்னு. நானும் சரின்னுட்டேன்.”

“எதால மூடினது?”

“என்னப்பா?”

“என்ன பூச்சு அது?”

“தெரியல. தண்ணி பட்டாலும் போகாதாம்.”

“அப்படியா” என்றேன்.

நீர் பட்டுப் போகாதது பெரும்பாலும் எண்ணெய் பட்டால் போய்விடும். முதலாம் ஆண்டு மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பது. அந்தக் கணத்தில் அதை நினைக்க விரும்பி நினைத்தேனா என்று எனக்குத் தெரியாது. அது தானாக வந்தது. அவளுடைய வேண்டுகோள் ஒன்று என்னிடம் இருந்தது. விளையாட்டாகச் சொன்னது, நான் வாய்திறந்து ஏற்காதது. ஆனாலும் வேறு யாரிடமும் அவள் அதை ஒப்படைத்திருக்கவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் பெட்டி மூடப்படும். அதன் பிறகு பத்து கந்தோங் என்னும் இடத்து மின்சுடலை. மறைத்தபடி அனுப்புவதும் அவள் தேர்ந்தபடி அனுப்புவதும் அந்த இடைவெளியில் முடிவாக வேண்டியிருந்தது. வந்தவர்களுள் ஒருவரும், நான் மறைத்தபடி அனுப்பியிருந்தால், என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு மகன் இல்லாததால் கிரியைகளை நானே செய்தேன். குருக்கள் முன்னால் நின்றார். பெண்கள் உரலில் மஞ்சள் இட்டுச் சுண்ணம் இடித்தார்கள், ஓதுவார் பாடினார். அதன்பின் எண்ணெயும் அரப்பும் வைக்கும் சடங்கு. இறந்தவருக்கு உறவினர் செய்யும் கடைசி முழுக்காட்டு அது. முன்னாளில் உண்மையாகவே நீராட்டினார்கள். இப்போது அறுகம்புல்லை நல்லெண்ணெயில் தோய்த்து உச்சந்தலையில் வைப்பதோடு சரி. கிரியை செய்பவன் முதலில் வைக்க வேண்டும்.

“தலையில மூண்டு தரம் வையுங்கோ, ஐயா” என்றார் குருக்கள்.

வைத்தேன். அடுத்தவருக்காக அவர் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எண்ணெயை என் உள்ளங்கையில் ஊற்றி, அவளுடைய இடது மணிக்கட்டின் மேல் கையை வைத்தேன்.

“தலையில, ஐயா. தலையில மட்டும் போதும்.”

“தலையில வச்சிட்டன், ஐயா.”

அவர் ஒரு கணம் தயங்கி, மந்திரத்தைத் தொடர்ந்தார். நான் தேய்த்தேன். பூச்சு முதலில் குழைந்தது; பின் என் விரல்களில் திரண்டு வந்தது. தோளில் கிடந்த துண்டின் நுனியால் அதைத் துடைத்தெடுத்தேன். பல்லியின் தலை தெரிந்தது. பிறகு முன்கால்கள். கூடவே ஊசிக் காயங்களும் வெளிப்பட்டன. அவற்றை நான் பார்க்க விரும்பவில்லை. ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் எடுக்க வழியில்லாததால் தொடர்ந்து துடைத்தேன். எனக்குப் பின்னால் பேச்சு எழுந்தது.

“என்னவாம்? என்ன செய்றாரு?”

“பாவம் லா, மனசு கலங்கிப் போச்சு போல.”

“எதைப் போட்டுத் தேய்க்கிறாரு அப்படி?”

“பல்லி. அந்தம்மா கையில இருக்குமே, சிச்சாக்கு.”

“இந்த நேரத்துலயா!”

யாரோ என் மகளிடம், அப்பாவைப் பிடித்து உட்கார வை என்றார்கள். மகள் வந்தாள். என்னைப் பிடித்து உட்காரவைக்கவில்லை, என் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

உடல் தெரிந்தது. பின்கால்கள் தெரிந்தன. ஒவ்வொரு காலிலும் விரல்களை எண்ணினேன். குறையவில்லை. இதுவும் அவளோடு எரியும் என்ற எண்ணம் வந்தது. அதை நான் மேலே தொடரவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன்.

எனக்கு அடுத்து எண்ணெய் வைக்க வேண்டியவள் அக்கா. நெடுநேரமாக என் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள் என்பது திரும்பியபோதுதான் தெரிந்தது. அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அவள் மகளிடமிருந்து கிண்ணத்தையும் அறுகம்புல்லையும் வாங்கி, எண்ணெயில் தோய்த்து, என் மனைவியின் உச்சியில் முறைப்படி வைத்தாள். பிறகு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“வாலில இன்னும் கிடக்குது, தம்பி” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். “வடிவாத் துடை.”

நான் மறுபடியும் குனிந்து, வால் நுனி தெரியும் வரை துடைத்தேன்.